ஒட்டுநாடாவும் ஒளித்துடிப்பும்

மலேசியாவில் சபாக் பெர்ணம், சுங்கை பெசார், பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒளியிழை இணையம் வாங்கிய வீட்டில், சுவரோரமாக ஒரு மெல்லிய கம்பி மோடத்துக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேலுறைகளை எல்லாம் உரித்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது ஒரு கண்ணாடி நூல். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் அதன் தடிமன். ஒளி ஓடுவது அந்த நூல் முழுவதிலும் அல்ல. அதன் நடுவில், ஒன்பது மைக்ரோமீட்டர் அகலமுள்ள பாதையில் மட்டும்.

இதே வகைக் கண்ணாடி நூலைச் சில மீட்டர் எடுத்து வளையமாக இணைத்து, இடையில் கிராஃபைட் போன்ற ஒரு பொருளின் மெல்லிய ஏட்டை வைத்தால், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கைவிடவும் குறுகிய ஒளித்துடிப்புகளை அதிலிருந்து எடுக்கலாம். கேட்பதற்கு நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களில் 2010களிலிருந்து இந்த வேலை நடந்து வருகிறது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் நடக்கும் இந்த அறிவியலைப் பற்றி நம் மொழியில் யாரும் விரிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் அந்தக் குறுகிய நேரத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஒளி ஒரு வினாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைப் பிக்கோ வினாடி என்கிறார்கள். அந்த நேரத்தில் ஒளியால் 0.3 மில்லிமீட்டர்தான் நகர முடியும். அதையும் ஆயிரமாகப் பிரித்தால் ஃபெம்டோ வினாடி. நூறு ஃபெம்டோ வினாடி நீடிக்கும் ஒரு துடிப்பு, காற்றில் பறக்கும்போது தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த நீளமே உள்ள ஓர் ஒளித்துண்டு.

இவ்வளவு குறுக்கி என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு மில்லிவாட் சராசரித் திறன் கொண்ட ஒரு லேசரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் திரையில் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் கைலேசர் அளவு. அது வினாடிக்கு 2 கோடி துடிப்புகளை, ஒவ்வொன்றும் 500 ஃபெம்டோ வினாடி நீளத்தில் தருகிறது என்றால், ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான் உண்மையில் ஒளி இருக்கிறது. மீதி நேரம் முழுக்க இருட்டு. மொத்த ஆற்றலும் அந்தச் சிறு நேரத்துக்குள் அடைபடுவதால், துடிப்பின் உச்சத்தில் திறன் ஒரு லட்சம் மடங்காகி 100 வாட்டைத் தொடுகிறது. சராசரியில் எளிய லேசர், உச்சத்தில் பலசாலி.

இன்னொரு பயன் வெப்பம் பற்றியது. துடிப்பு அவ்வளவு சுருக்கமாக இருந்தால், பட்ட இடத்தில் பொருள் பெயர்ந்து போகும். சூடு சுற்றிலும் பரவ நேரம் கிடைக்காது. கண்பார்வைக்கான லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேலேட்டை வெட்டித் திறக்க ஃபெம்டோ வினாடி லேசர் பயன்படுவது இதனால்தான். கைப்பேசித் திரைக் கண்ணாடியை விரிசல் விடாமல் வெட்டுவதும் இப்படித்தான். (இந்த வேலைகளுக்குரிய லேசர்கள் பெரும்பாலும் வேறு வகை; அவை ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், பலபடியாகப் பெருக்கப்பட்ட ஒளியால் இயங்குபவை. அடிப்படைக் கொள்கை ஒன்றே.) வேதிவினையில் அணுக்கள் பிரிவதையும் சேர்வதையும் ஃபெம்டோ வினாடித் துடிப்புகளால் பின்தொடர்ந்ததற்காக அகமது சுவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். குறுந்துடிப்புகளைச் சிதையாமல் பெருக்கும் வழிக்காக 2018இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் பெற்றார்கள்.

இனி வளையத்துக்குள் போவோம்.

நாம் பேசும் லேசரின் உயிர், எர்பியம் என்ற தனிமம் கலந்த சில மீட்டர் கண்ணாடி இழை. 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை ஒரு சிறு டையோடு லேசரிலிருந்து அதற்குள் செலுத்தினால், எர்பியம் அணுக்கள் ஆற்றலை ஏற்றுக்கொண்டு, 1550 நானோமீட்டர் அருகில் உள்ள ஒளியைப் பெருக்கித் தரும். இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு 1987இல் இந்தப் பெருக்கியைச் செய்து காட்டியது. கடலடி இணையக் கம்பிகள் கண்டங்களைத் தாண்டி ஒளியைக் கொண்டுபோவது இந்த எர்பியத்தின் தயவில்தான். தொலைத்தொடர்புக்காக உலகம் முழுக்க உற்பத்தியானதால், டையோடு, இணைப்பான், ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் தடுப்பான் எல்லாமே தயாராகக் கிடைக்கும் பொருள்களாகிவிட்டன. என் பார்வையில் இந்தக் கதையின் திருப்புமுனை இதுதான். அதிவேக லேசர் என்றால் அதிர்வே இல்லாத கனத்த மேசை, தூசி புகாத அறை, நுணுக்கமாக நிறுத்திய கண்ணாடிகள் என்றிருந்த காலம் போய், இழைகளை ஒட்டி ஒரு வளையம் செய்தாலே போதும் என்ற நிலை வந்தது. மலேசியா போன்ற நாட்டின் ஆய்வுக்கூடமும் முன்வரிசையில் நின்று வேலை செய்ய அது வழிவிட்டது.

பத்து மீட்டர் நீள வளையத்தை ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 கோடி முறை சுற்றும். அந்த நீளத்துக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டுமே வளையத்தில் நிலைக்கும். அப்படி நிலைக்கக்கூடியவை பல்லாயிரம். ஒவ்வொன்றும் தன்போக்கில் அலைந்தால், மொத்தமாகக் கிடைப்பது சிறிதே நடுங்கும் ஒரு தொடர் ஒளி. அவை அனைத்தின் முகடுகளும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் சேரும்படி கட்டுப்பட்டால், அந்த இடத்தில் மட்டும் ஒளி குவிந்து எழும். மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 500 ஃபெம்டோ வினாடித் துடிப்பு ஒன்று உருவாக, பத்து மீட்டர் வளையத்தில் சுமார் முப்பதாயிரம் அதிர்வெண்கள் இப்படிக் கட்டுப்பட்டாக வேண்டும்.

கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மினுக்குவதைப் படகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். ஆண் மின்மினிகள் ஒன்றின் மினுக்கத்தைப் பார்த்து மற்றொன்று தன் தாளத்தைச் சரிசெய்துகொண்டே வந்து, மரமே ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைகிறது. லேசர் வளையத்திலும் நடப்பது ஒத்திசைவுதான். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. மின்மினிகள் எல்லாம் ஒரே வேகத்தில் மினுக்குபவை. வளையத்தின் ஒளியலைகளோ ஒவ்வொன்றும் வெவ்வேறு அதிர்வெண் கொண்டவை. அவற்றின் முகடுகள் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் சந்திக்கின்றன. துடிப்பு அவ்வளவு குறுகியதாக இருப்பதற்குக் காரணமே அந்த வேறுபாடு.

மின்மினிக்குக் கண் இருக்கிறது. ஒளியலைகளை ஒத்திசைய வைப்பது எது? மெல்லிய ஒளியை விழுங்கி, வலுத்த ஒளியை விட்டுவிடும் ஒரு பொருள். தமிழில் அதைத் தெவிட்டும் உறிஞ்சி என்று சொல்லலாம்.

கிராஃபீனை வைத்து அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கிராஃபீன் என்பது கிராஃபைட்டின் ஒரே ஓர் அணு தடிமனுள்ள ஏடு. அதில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் கீழ்ப்பட்டை, மேற்பட்டை என இரண்டாக அமைந்துள்ளன. ஓர் ஒளித்துகள் வந்து பட்டால், கீழே உள்ள எலக்ட்ரான் அதை விழுங்கி மேலே ஏறும். ஒளித்துகள் அத்தோடு முடிந்தது. ஆனால் ஓர் ஆற்றல் நிலையில் ஏற்கெனவே எலக்ட்ரான் இருந்தால் அங்கே இன்னொன்று குடியேற முடியாது. 1925இல் வோல்ஃப்காங் பௌலி கண்டறிந்த விதி இது. வலுவான ஒளி ஒரே நேரத்தில் கொட்டும்போது, ஏற வேண்டிய மேல் நிலைகள் நிரம்பிவிடும். கீழ் நிலைகள் காலியாகிவிடும். பின்னால் வரும் ஒளித்துகள்களை விழுங்க எலக்ட்ரான் இல்லை, ஏறினாலும் இடம் இல்லை. அவை தப்பிக் கடந்துபோகும். கிராஃபீனில் எலக்ட்ரான்கள் முதல் கட்டமாக நூறு ஃபெம்டோ வினாடி அளவிலேயே தணியத் தொடங்கி, ஓரிரு பிக்கோ வினாடிகளில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன. உடனே மீண்டும் விழுங்கத் தயார்.

இதை வளையத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? தொடக்கத்தில் வளையத்துக்குள் இருப்பது வெறும் இரைச்சல் ஒளி. சீரற்ற ஏற்ற இறக்கம். அதில் தற்செயலாகச் சற்றே உயர்ந்து நிற்கும் ஒரு முகடு உறிஞ்சியில் குறைவாக இழக்கிறது. எர்பியம் அதைப் பெருக்குகிறது. அடுத்த சுற்றில் அது இன்னும் உயரம், இழப்பு இன்னும் குறைவு. ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு அந்த ஒரே முகடு மற்ற எல்லா ஒளியையும் பட்டினி போட்டுவிட்டுத் தனியாகச் சுற்றிவரும். ஆயிரக்கணக்கான சுற்று என்றாலும், கடிகாரத்தில் அது ஒரு மில்லி வினாடி கூட ஆகாது.

இத்தகைய உறிஞ்சிகள் புதியவை அல்ல. லேசர் பிறந்த 1960ஆம் ஆண்டுக்கு அடுத்த சில வருடங்களிலேயே சாயக் கரைசல்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் உர்சுலா கெல்லர் குறைக்கடத்தி அடுக்குகளால் ஆன ஓர் உறிஞ்சிக் கண்ணாடியை உருவாக்கினார். செசாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது இன்றும் தொழில்துறையில் ஆட்சி செய்கிறது. நம்பகமானது. ஆனால் அணு அணுவாக அடுக்கி வளர்க்கும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கென்று செய்தது அந்த அலைநீளத்தின் சுற்றுவட்டாரத்தில்தான் வேலை செய்யும்.

இந்த இடத்தில்தான் ஏடுபோல் உரியும் பொருள்கள் நுழைகின்றன. கிராஃபைட்டில் ஒரே ஏட்டில் உள்ள கரி அணுக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்தவை. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையிலான பிடிப்போ மிகத் தளர்ச்சி. பென்சில் தாளில் எழுதுவது அந்தத் தளர்ச்சியால்தான். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் முப்பது லட்சம் ஏடுகள் இருக்கின்றன. மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தே ஒற்றை ஏட்டைப் பிரித்தெடுத்து 2004இல் அறிவித்தார்கள்; 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றை ஏடு தன்மேல் படும் ஒளியில் 2.3 விழுக்காட்டை விழுங்குகிறது. ஓர் அணு தடிமனுக்கு அது பெரிய பசி. கீழ்ப்பட்டைக்கும் மேற்பட்டைக்கும் நடுவே இடைவெளியே இல்லாததால், எந்த நிறமானாலும் ஏறத்தாழ இதே அளவு.

2009இல் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கிராஃபீனை இழையின் முனையில் ஒட்டி, எர்பியம் வளையத்திலிருந்து ஒரு பிக்கோ வினாடிக்கும் குறைந்த துடிப்புகளை எடுத்திருந்தன. கேம்பிரிட்ஜிலும் அதே காலத்தில் இதே முயற்சி நடந்தது. அதன்பின் உலகெங்கும் ஒரு தேடல் கிளம்பியது. பிஸ்மத் டெல்லுரைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு, கருப்புப் பாஸ்பரஸ், மேக்சீன் என்று ஏடு ஏடாக உரியும் பொருள் எதுவானாலும் அதை ஒரு வளையத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் இந்தத் தேடலில் முழுமூச்சாக இறங்கியது. ஃபோட்டானிக்ஸ் ஆய்வு மையத்தில் ஹரித் அகமட் தலைமையிலான குழு. மின்பொறியியல் துறையில் சுலைமான் வாடி ஹாருனின் குழு. ஃபோட்டானிக்ஸ் மையத்தின் கட்டுரைகளில் கவிந்தெரன் தம்பிரத்தினம் என்ற பெயரையும் தொடர்ந்து காணலாம். 2016இல் ஹாருனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கருப்புப் பாஸ்பரஸ் படிகத்தை ஒட்டுநாடாவில் உரித்து, அந்த நாடாத்துண்டையே இரண்டு இழைமுனைகளுக்கு நடுவில் வைத்து லேசரை இயக்கியிருந்தார்கள். ஒரே பொருளைக் கொண்டு இரண்டு வகைத் துடிப்புகளைக் காட்டினார்கள். ஒன்று, ஆற்றலைத் தேக்கித் தேக்கி விடுவிக்கும் மைக்ரோ வினாடித் துடிப்பு. மற்றொன்று, நாம் மேலே பார்த்த ஒத்திசைவுத் துடிப்பு.

ஒட்டுநாடா தவிர இன்னொரு வழியும் உண்டு. பொருளைப் பொடியாக்கி ஒரு திரவத்தில் போட்டு, மீயொலியால் மணிக்கணக்கில் குலுக்கினால் ஏடுகள் பிரியும். சுழற்றியில் சுற்றித் தடித்த துண்டுகளை அடியில் தங்க விட்டு, மேலே தெளிந்ததை எடுத்து பி.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் கரைசலில் கலந்து காயவைத்தால் ஒரு மெல்லிய படலம் கிடைக்கும். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு துண்டு வெட்டி, இழை இணைப்பானின் முனையில் வைத்து, மறுமுனையைத் திருகினால் உறிஞ்சி தயார்.

துடிப்பு பிக்கோ வினாடியைவிடக் குறுகியது என்று எப்படி அறிவது? அவ்வளவு வேகமாகத் துலங்கும் சாதாரண மின்னணுக் கருவி கிடையாது. ஆகவே துடிப்பை அதே துடிப்பாலேயே அளக்கிறார்கள். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நகரும் கண்ணாடி வழியாக அனுப்பி, இரண்டையும் ஒரு படிகத்தில் சேர்க்கிறார்கள். இரு பாதிகளும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் படிகத்தில் இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி பிறக்கும்; விலகி வந்தால் பிறக்காது. கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளிப்பாதை 0.3 மில்லிமீட்டர் நீளும், ஒரு பிக்கோ வினாடி தாமதம் உண்டாகும். நேரத்தை அளவுகோலால் அளந்தாயிற்று. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

இப்போது ஒரு மாற்றுக் கருத்து. பொருளை மாற்றி மாற்றிச் செய்த கட்டுரைகளைப் படித்தால், துடிப்பின் நீளம் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் சுற்றுவதைக் காணலாம். அது தற்செயல் அல்ல. 1550 நானோமீட்டரில் சாதாரண கண்ணாடி இழை துடிப்பை விரிக்கப் பார்க்கும். துடிப்பின் உச்சத் திறனோ இழையின் ஒளிவிலகலை மாற்றி அதைச் சுருக்கப் பார்க்கும். இரண்டும் சமமாகும்போது வடிவம் கெடாமல் ஓடும் தனியலை பிறக்கிறது; அறிவியலார் சாலிட்டான் என்பது இதைத்தான். கண்ணாடி இழையில் இது சாத்தியம் என்று அகிரா ஹசேகாவாவும் ஃபிரெட்ரிக் டாப்பெர்டும் 1973இல் கணித்தார்கள். 1980இல் லின் மோலனாவர் சோதனையில் காட்டினார். சாலிட்டான் கணிதத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணனும், ஒளியிழைச் சாலிட்டான்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கு. பொற்செழியனும் செய்த பணிகள் உலகறிந்தவை. ஆக, இப்படிப்பட்ட வளையத்தில் உறிஞ்சி செய்வது துடிப்பைத் தொடங்கிவைப்பதும் நிலைநிறுத்துவதும்தான். நீளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இழை. புதுப்பொருளால் புதுத் துடிப்பு என்று தலைப்பு வைப்பதைவிட, அந்தப் பொருள் எத்தனை மாதம் தாங்கியது, எவ்வளவு திறனில் கருகியது, எவ்வளவு சுலபமாகத் துடிப்பைத் தொடங்கியது என்பதைச் சொல்லும் கட்டுரைகளையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

பொருள் அறிவியலுக்கு இதனால் பெருமை குறைந்துவிடாது. மாலிப்டினம் டைசல்ஃபைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஏட்டில் அதன் பட்டை இடைவெளி, அதாவது கீழ்ப்பட்டைக்கும் மேற்பட்டைக்கும் நடுவிலுள்ள ஆற்றல் வேறுபாடு, சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட். 1550 நானோமீட்டர் ஒளித்துகளிடம் இருப்பது 0.8தான். கணக்குப்படி அது இந்த ஒளியை விழுங்கவே கூடாது, ஆனாலும் விழுங்குகிறது. ஏட்டின் ஓரங்களும் அணுக்கள் விடுபட்ட குறைகளும் இடைவெளிக்குள் கூடுதல் நிலைகளை உண்டாக்குகின்றன என்பது பரவலான விளக்கம். கருப்புப் பாஸ்பரசின் இடைவெளி சிறியது: தடித்த துண்டில் 0.3 எலக்ட்ரான் வோல்ட்தான், ஏடு குறையக் குறைய அது கூடும். எத்தனை ஏடு என்று தேர்ந்தெடுப்பதன் மூலம் எந்த ஒளிக்கு ஏற்றது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் கருப்புப் பாஸ்பரசுக்குக் காற்று ஆகாது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து மெல்லிய ஏடுகளை அரித்துவிடும். நம்முடையது போன்ற ஈரக்காற்று நாட்டில் அதைத் திறந்து வைத்து வேலை செய்ய முடியாது. மேலே காப்புப் படலம் போட வேண்டும். பி.வி.ஏ. படலமும் ஈரத்தை உறிஞ்சும், அதிகச் சூட்டில் உருக்குலையும். ஒன்பது மைக்ரோமீட்டர் பாதையில் 100 வாட் உச்சத்தில் ஒளி பாயும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கோடி வாட்டைத் தாண்டிய செறிவு அந்தச் சின்னஞ்சிறு துண்டின் மேல் இறங்குகிறது.

அதனால் இழைமுனையில் வைக்கும் முறையிலிருந்து பலர் நகர்ந்து வருகிறார்கள். இழையைச் சுடரில் சூடாக்கி இழுத்துச் சில மைக்ரோமீட்டர் அளவுக்கு ஒல்லியாக்கினால், ஒளியின் ஒரு பகுதி கண்ணாடிக்கு வெளியே தவழ்ந்து செல்லும். அங்கே ஏடுகளைப் படியவைத்தால், சூடு ஒரே புள்ளியில் குவியாமல் சில மில்லிமீட்டர் நீளத்துக்குப் பகிர்ந்துபோகும். இழையின் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கி, அதன்மேல் படியவைப்பது மற்றொரு வழி. இரண்டும் மலாயாப் பல்கலைக்கழகக் கட்டுரைகளில் இடம்பெறுபவை.

அலைநீளமும் நகர்கிறது. எர்பியத்துக்குப் பதில் தூலியம் என்ற தனிமம் கலந்த இழையை வைத்தால் 1.9 முதல் 2 மைக்ரோமீட்டர் வரையிலான ஒளி கிடைக்கும். தண்ணீர் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், நீர் நிறைந்த உடல்திசுவை ஆழமாகப் புண்படுத்தாமல் வெட்ட அது ஏற்றது. சிறுநீரகக் கல்லை உடைக்கத் தூலியம் இழை லேசர்கள் மருத்துவமனைகளுக்குள் வந்தும்விட்டன. அவை குறுந்துடிப்பு வகை அல்ல. அந்த அலைநீளத்தில் ஃபெம்டோ வினாடித் துடிப்புகளைத் தர, 1550க்கென்று வளர்த்த செசாமை அப்படியே எடுத்துவந்து மாட்ட முடியாது. இடைவெளியே இல்லாத கிராஃபீன் ஏட்டையோ இந்த வளையத்திலிருந்து கழற்றி அந்த வளையத்தில் பொருத்தலாம்.